உடைக்க வந்தவள்

தூத்துக்குடிப் பெண் டெல்பின் கோயம்புத்தூருக்குப் போனது ஓர் ஆனி மாதத்தில். மருத்துவக் கருவிகளைப் பற்றிப் படிக்கிற பொறியியல் மாணவி அவள். படிப்பு முடிய ஒரு வருஷம் பாக்கி. விடுமுறையில் ஏதாவது ஒரு கம்பெனியில் பயிற்சி எடுத்தாக வேண்டும் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். எழுதிப் போட்ட இடங்களில் பதில் வந்தது கோயம்புத்தூரிலிருந்து மட்டும்தான்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் அவளுக்கு முதலில் ஞாபகம் வருவது தண்ணீர். உப்புத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். பீளமேட்டில் பெண்கள் விடுதிக் குழாயில் கை ஏந்திச் சிறுவாணித் தண்ணீரை முதல் வாய் குடித்தபோது, யாரோ சர்க்கரை கலந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். அப்புறம் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து ஊரையே தள்ளிக்கொண்டு போகிற, சட்டென்று சாரலையும் கூட்டி வருகிற காற்று. அப்புறம் திலகவதி மேடம்.

கம்பெனி சின்னதுதான். ஒரு காலத்தில் பஞ்சுக் குடோனாக இருந்த கட்டடம். அங்கே மருந்துப் பம்ப் செய்தார்கள். டிபன் கேரியர் உயரத்துக்கு ஒரு தகரப் பெட்டி. நோயாளியின் கட்டில் பக்கத்தில் குளுக்கோஸ் பாட்டில் தொங்குகிற கம்பியில் அதை மாட்டிவிட்டால், டாக்டர் சொன்ன வேகத்தில், கூடாமல் குறையாமல் மருந்தை நரம்புக்குள் செலுத்தும். ஓடுகிறது என்பதற்கு ஒரு பச்சை விளக்கு எரியும். குழாயில் அடைப்பு வந்தால் கத்தும்.

“தண்ணிப் பம்ப் செஞ்ச ஊருங்க இது. மருந்துப் பம்ப் செய்யறதுக்கென்ன?” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார் முதலாளி ஜெகந்நாதன்.

செய்து முடித்த பம்புகளைச் சோதித்து அனுப்புகிற பகுதிக்குத் திலகவதி பொறுப்பு. நாற்பதைத் தாண்டியவர். ஸ்கூட்டரில் வருவார். கைப்பையில் எப்போதும் கடலை மிட்டாய் இருக்கும். அவர் சிரித்தால் வாசலில் இருக்கிற வாட்ச்மேனுக்குக் கேட்கும்.

முதல் நாள் அவர் கேட்டார்.

“என்ன கத்துக்கலாம்னு வந்திருக்க கண்ணு?”

“மெஷின் செய்யக் கத்துக்கணும் மேடம்.”

திலகவதி அலமாரியிலிருந்து ஒரு பம்பை எடுத்தார். புத்தம் புதுசு. அதை அவள் கையில் வைத்தார்.

“ஒடை.”

“மேடம்?”

“இத ஒடைச்சுக் கொண்டா. பொறகு பேசலாம்.”

விளையாட்டு என்று நினைத்தாள் டெல்பின். ஆனால் திலகவதி தன் வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

டெல்பின் பம்பை மேசையிலிருந்து கீழே தள்ளினாள். அது லேசாக நசுங்கியது. ஓடிக்கொண்டுதான் இருந்தது. தண்ணீர்த் தொட்டியில் முக்கினாள். கடைசியில் ஒரு சுத்தியலை வாங்கி வந்து ஓங்கிப் போட்டாள். பச்சை விளக்கு அணைந்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு அதைத் தூக்கிப் போய் முன்னால் வைத்தாள்.

திலகவதி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஆஸ்பத்திரிக்கு யாராச்சும் சுத்தியல் எடுத்துட்டு வருவாங்களா?”

“வரமாட்டாங்க மேடம்.”

“மெஷினத் தொட்டியில முக்குவாங்களா?”

“மாட்டாங்க.”

“அப்ப இது ஒடைச்ச கணக்குல வராது. இன்னொண்ணு எடுத்துக்க.”

இரண்டாவது பம்பை அவள் படித்தவள் மாதிரி உடைக்கப் பார்த்தாள். தர நிர்ணயப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டி வைத்துக்கொண்டு, அதில் சொல்லியிருந்தபடி சூட்டில் வைத்தாள், குளிரில் வைத்தாள், மின்சாரத்தை ஏற்றி இறக்கினாள். பம்ப் அசைந்துகொடுக்கவில்லை.

“புத்தகத்துல இருக்கறதெல்லாம் அது பாஸ் பண்ணிரும்” என்றார் திலகவதி. “அந்தப் புத்தகத்த வெச்சுத்தான அதச் செஞ்சோம்?”

அன்று சாயந்தரம் டெல்பின் வீட்டுக்குப் போன் போட்டாள்.

“அப்பா, கூடப் படிக்கிறவள்லாம் எங்கெங்கயோ என்னென்னமோ செய்யிறாளுவ. எனக்கு இங்க ஒடைக்கிற வேலை குடுத்திருக்காவ.”

ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிற அவளுடைய அப்பா பெரிதாகச் சிரித்தார். “வீட்டுல ரேடியோ, கடியாரம் ஒண்ணு விடாம ஒடைச்சவதானே நீ! ஒனக்குன்னு பாத்துக் குடுத்திருக்காவ, போ.”

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

மறுநாள் அவள் மூன்றாவது பம்பை எடுக்கவில்லை. நேரே திலகவதியிடம் போய் நின்றாள்.

“நான் ஒடைச்சா கணக்கில்லங்கீங்க. பின்ன யாரு மேடம் இத ஒடைப்பாங்க?”

திலகவதி கடலை மிட்டாயை இரண்டாக ஒடித்து ஒரு துண்டை அவளிடம் நீட்டினார்.

“போய்ப் பாத்துட்டு வா.”

ஊருக்குள் ஓர் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டுக்கு, ஓட்டிப் பார்க்கட்டும் என்று சில பம்புகளைக் கொடுத்திருந்தார்கள். அங்கே போய் உட்காரச் சொன்னார் திலகவதி. பம்பைத் தொடக்கூடாது. கையில் பேனாவோ நோட்டோ இருக்கக்கூடாது. சும்மா பார்க்க வேண்டும்.

வார்டு சிஸ்டர் அவளை மேலும் கீழும் பார்த்தார். “ஸ்டூல் அங்க கெடக்கு. ஒக்காரு. குறுக்க நிக்காத, அவ்வளவுதான்.”

டெல்பின் ஒரு கட்டிலின் ஓரமாக உட்கார்ந்தாள். கட்டிலில் ரோஷினி என்று ஒரு சிறுமி. நெஞ்சுச் சளி முற்றிக் காய்ச்சலில் கிடந்தாள். பக்கத்தில் அவளுடைய அம்மா சுகந்தி. வால்பாறையில் தேயிலை பறிக்கிறவள். விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. அந்த விரல்களால் பிள்ளையின் காலை நீவிக்கொண்டே இருப்பாள்.

முதல் நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மறுநாள் டெல்பின் போனில் பேசுவதைக் கேட்டுவிட்டுச் சுகந்தி முகம் மலர்ந்தாள்.

“நீ எந்த ஊரு பிள்ள?”

“தூத்துக்குடி.”

“அதான பாத்தேன்! எங்க தாத்தா அந்தப் பக்கந்தான். சாத்தான்குளம். எஸ்டேட்டுக்கு வந்தவுக, திரும்பிப் போகவேயில்ல. நீ பேசுனது எங்க ஆச்சி பேசுன மாதிரியே இருக்கு.”

அதற்கப்புறம் டெல்பினுக்கு ஸ்டூலில் உட்கார்வது வேலையாகத் தெரியவில்லை. சுகந்தி எஸ்டேட்டுக் கதை சொல்வாள். எஸ்டேட் குடியிருப்பான லயத்தின் வாசலில் காட்டெருமை வந்து நின்றது, மூடுபனியில் எதிரே வருகிற ஆளைக் குரலை வைத்துக் கண்டுபிடிப்பது. ரோஷினி கண்ணைத் திறக்காமலே, “அம்மா, காட்டெருமையப் பாத்து நீ ஓடுனதச் சொல்லு” என்பாள். பம்ப் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதை யாரும் உடைக்கவில்லை. அதைப் பார்க்கத்தான் வந்தோம் என்பதே சில சமயம் டெல்பினுக்கு மறந்துபோனது.

ஒரு மத்தியானம் நல்ல மழை. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. வார்டில் பாதிக் குழந்தைகள் தூங்கிவிட்டன. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு விளக்கையும் அணைத்திருந்தார்கள். டெல்பின் டீ குடிக்கக் கீழே போய்விட்டுத் திரும்பி வந்தாள். ரோஷினி ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். சுகந்தி கட்டில் விளிம்பில் தலை சாய்த்துக் கண் அயர்ந்திருந்தாள்.

எங்கேயோ ஒரு சத்தம் கேட்டது. கூடையைக் கவிழ்த்து மூடிய கோழிக்குஞ்சு கத்துகிற மாதிரி, தூரத்திலிருந்து.

டெல்பின் சுற்றுமுற்றும் பார்த்தாள். கம்பியில் பம்பைக் காணோம். அந்த இடத்தில் சுகந்தியின் கம்பளிச் சால்வை தொங்கியது. அதற்குள்ளிருந்துதான் சத்தம் வந்தது.

சால்வையை இழுத்தாள். பம்ப் அலறியது. ரோஷினி ஊசி குத்தியிருந்த கையின் மேலேயே திரும்பிப் படுத்திருந்தாள். குழாய் மடங்கி, மருந்து இறங்காமல், பிள்ளையின் ரத்தம் குழாயில் மேலேறி வந்திருந்தது.

“சிஸ்டர்!”

சிஸ்டர் ஓடி வந்தார். கையை நிமிர்த்தி, குழாயைச் சரி செய்து, ஊசி போகும் இடத்தைச் சுத்தம் செய்தார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, பயமில்லை என்றார். அதற்குப் பிறகுதான் சிஸ்டர் சுகந்தியின் பக்கம் திரும்பினார்.

“மெஷின யாராச்சும் போத்தி வெப்பாங்களா? அறிவிருக்கா உனக்கு? இன்னும் கொஞ்ச நேரம் ஆகியிருந்தா என்ன ஆகியிருக்கும்?”

சுகந்தி கீழே கிடந்த சால்வையை எடுத்துச் சுருட்டிக்கொண்டாள். “அந்தப் பச்ச வெளிச்சம் பிள்ள கண்ணுலயே அடிச்சுது சிஸ்டர். மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டே கெடந்தா. இப்பந்தான் தூங்குனா…”

சொல்லிக்கொண்டே டெல்பினைப் பார்த்தாள். டெல்பின் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். அவளுக்கும் கோபம்தான் வந்திருந்தது.

கம்பெனிக்குத் திரும்பியதும் நடந்ததையெல்லாம் சொன்னாள். சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. அன்றைக்கே ஒரு ஸ்டிக்கர் வரைந்தாள். சிவப்பு எழுத்து. ‘துணி போட்டு மூடாதீர்கள்.’ கீழே ஒரு துணியின் படம், அதன் மேல் குறுக்குக் கோடு. படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டுமல்லவா?

முதலாளிக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

“அருமைங்க. இப்பவே அடிச்சு ஒட்டிரலாம். வர்ற வாரம் அத்தன ஆஸ்பத்திரிக்கும் வண்டி கிளம்புதுல்ல?”

திலகவதி ஒரு பம்பை எடுத்தார். பம்பில் அந்த ஸ்டிக்கரைத் தன் கையாலேயே அழுத்தி ஒட்டினார். அதைக் கம்பியில் மாட்டி, சோதனை அறையில் இருந்த பெஞ்சுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

“படு கண்ணு.”

டெல்பின் பெஞ்சில் படுத்தாள். திலகவதி குழாயின் நுனியை அவள் முழங்கையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டினார். ஊசியெல்லாம் இல்லை. ஒட்டியதுதான்.

“கைய அசைக்காத. கண்ண மூடிக்க. முடிஞ்சாத் தூங்கு.”

அறை விளக்கை அணைத்தார். வெளியே தூறல். பச்சை வெளிச்சம் நேரே டெல்பினின் கண்ணில் விழுந்தது. கண்ணை மூடினாலும் இமைக்குள் பச்சையாகவே இருந்தது. திரும்பிப் படுக்கலாமென்றால் குழாய் இழுத்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு கிடந்தாள்.

திலகவதி பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வாசலில் நின்ற முதலாளியிடம் வண்டி என்றைக்குக் கிளம்புகிறது, எந்த ஊருக்கு முதலில் போகிறது என்று பேச ஆரம்பித்தார். பேசிக்கொண்டே டெல்பின் பக்கம் ஒரு தரம் பார்த்தார். இன்னொரு தரம் பார்த்தார். அப்புறம் நாற்காலி முதுகில் தொங்கிய துண்டை எடுத்துப் பம்பின் மேல் போட்டுவிட்டு, பேச்சைத் தொடர்ந்தார்.

டெல்பின் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

“மேடம்! நீங்களே மூடுறீங்க!”

“எத?”

“மூடக்கூடாதுன்னு அதுலயே ஒட்டியிருக்கே. இப்பதான் நீங்களே ஒட்டுனீங்க.”

“நான் அதப் பாக்கல கண்ணு.”

“பின்ன எதப் பாத்தீங்க?”

“உன்னையத்தான்.”

துண்டுக்குள்ளே பம்ப் ஓடிக்கொண்டிருந்தது.

ஜெகந்நாதன் கதவில் சாய்ந்து நின்றார். “பம்ப் பெட்டியெல்லாம் பெயிண்ட் அடிச்சு ரெடியா நிக்குதுங்க திலகம்.”

“நிக்கட்டுங்க.”

“ஆஸ்பத்திரிக்காரங்க வேற கம்பெனிக்குப் போயிருவாங்க.”

“போவாங்க.”

அவர் டெல்பினைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். தலையைச் சொறிந்துகொண்டார்.

“சரி. பிரிங்க” என்றார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் டெல்பினுக்கு மறக்கவே மறக்காதவை. இப்போது அவள் வேறோர் ஊரில், இதைவிடப் பத்து மடங்கு பெரிய கம்பெனியில் இருக்கிறாள். அந்தக் குடோன் கட்டடமும் இப்போது இல்லை. ஆனாலும் அந்த நாட்களின் சத்தம் அவள் காதில் இருக்கிறது.

பெட்டிகளைப் பிரித்தார்கள். விளக்கை மங்கலாக்கி, படுத்திருப்பவர் கண்ணுக்குப் படாதபடி திருப்பி வைத்தார்கள். அதோடு மூட வேண்டிய காரணம் ஒன்று குறைந்தது. ஆனாலும் யாராவது எதற்காகவாவது மூடினால்? சத்தம் வருகிற துளைகளை மேலிருந்து எடுத்து அடிப்பக்கம் போட்டார்கள். பிறகு மூடிப் பார்க்க வேண்டும்.

“எத வெச்சு மூடறது?” என்று யாரோ கேட்டார்கள்.

“வீட்டுல இருக்கறதக் கொண்டாங்க” என்றார் திலகவதி.

மறுநாள் காலையில் சோதனை அறை ஜவுளிக்கடை மாதிரி ஆகிவிட்டது. சால்டரிங் பகுதிப் பெண்கள் பழைய சேலைகளைக் கொண்டுவந்தார்கள். ஒருத்தி தன் கல்யாணப் பட்டுச் சேலையையே எடுத்து வந்திருந்தாள், “ஒரு தரம் போட்டுப் பாத்துட்டுக் குடுத்துருங்க” என்று. குழந்தையைச் சுற்றுகிற துணி, லுங்கி, ஊட்டிக் கம்பளி, வாட்ச்மேனின் மழைக்கோட்டு. ஜெகந்நாதன் ரஜாய் என்கிற கனத்த பஞ்சுப் போர்வை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். “எங்க அப்பாவோடதுங்க. இதுக்குள்ள படுத்தா இடி இடிச்சாலும் அவருக்குக் கேக்காது.”

குழாயை மடக்கிப் பம்பைக் கத்தவிட்டு, ஒவ்வொன்றாகப் போட்டு மூடினார்கள். அறையின் மறுகோடியில் டெல்பின் முதுகைக் காட்டி நிற்பாள். கேட்டால் கையைத் தூக்க வேண்டும். சேலைக்குக் கையைத் தூக்கினாள். கம்பளிக்குத் தூக்கினாள். ரஜாய்க்குத் தூக்கவில்லை. எல்லோரும் “ஐயோ” என்றார்கள். துளைகளை மறுபடியும் மாற்றினார்கள். மறுபடியும் மூடினார்கள். மத்தியானம் அந்தத் துணிகளையெல்லாம் தரையில் விரித்துத்தான் சாப்பிட்டார்கள். ஒருவர் டப்பாவிலிருந்து ஒருவர் எடுத்துக்கொண்டார்கள். யாரோ எஃப்.எம்.மைப் போட்டார்கள். சாரல் அடித்துக்கொண்டே இருந்தது.

ஒருவழியாக ரஜாய்க்கும் டெல்பின் கையைத் தூக்கிய அன்று ஜெகந்நாதன் எல்லோருக்கும் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார். இரண்டு ஆஸ்பத்திரிகள் அதற்குள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டிருந்தன.

இடையில் ஒருநாள் டெல்பின் வார்டுக்குப் போனாள். காய்ச்சல் விட்ட ரோஷினி வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். சுகந்தி துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். டெல்பினைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒங்க மெஷின நான் கெடுக்கப் பாத்துட்டேன், என்ன பிள்ள? ஒனக்கு வேலையில ஏதும் திட்டு விழுந்துச்சா?”

டெல்பின் அவள் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“இல்லக்கா. நாங்கதான் அத மாத்துறோம்.”

“எதுக்கு? நல்லாத்தான ஓடுச்சு?”

டெல்பின் ரோஷினியைத் தூக்கிக்கொண்டாள். வால்பாறை பஸ் நிற்கிற இடம்வரை அந்தப் பிள்ளையை அவளேதான் சுமந்து போனாள்.

பயிற்சி முடிகிற நாள் வந்தது. அன்று சாயந்தரம் தூத்துக்குடிக்குப் பஸ். மறுபடி சேர்த்துப் பூட்டிய பம்புகளில் முதலாவதைத் தெர்மாகோலுக்குள் வைத்து அடைப்பதற்காக மேசையில் வைத்திருந்தார்கள். டெல்பின் அதைக் கடைசியாக ஒருமுறை ஓட்டினாள். குழாயை மடக்கினாள். துணியைப் போட்டாள். சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அவளுக்குத் தன் கையாலேயே அதைச் செய்த மாதிரி பெருமையாக இருந்தது.

“மேடம்.”

“சொல்லு கண்ணு.”

“இனிமே இத யாராலயும் ஒடைக்க முடியாதுல்ல?”

“முடியும்.”

“இன்னுமா? யாரு மேடம் ஒடைப்பாங்க?”

திலகவதி துணியை எடுத்து மடித்தார். பம்பைத் தெர்மாகோலுக்குள் இறக்கினார், தொட்டிலில் பிள்ளையை இறக்குகிற மாதிரி.

“கட்டில் பக்கத்துல ஒக்காந்து அழுதுட்டு இருக்கறவங்க யாராச்சும்” என்றார்.